முயலும் மூன்று பெயர்களும்

(2018 நவம்பர் தேர்தலுக்கு முன் பேசிய பட்டிமன்றப் பேச்சு)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

வருகிற 2018 நவம்பர் 6ஆம் தேதி நடக்கும் அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் கலிபோர்னியாவின் 50ஆம் தொகுதி மக்கள் பார்க்க வேண்டியது கட்சியையா, கணக்கையா என்பது தலைப்பு. கணக்கைத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எஸ்கான்டிடோவிலும் எல் கஹோனிலும் குடியிருந்து, குடியுரிமையும் பெற்று, தபாலில் வந்த வாக்குச்சீட்டைச் சாப்பாட்டு மேசையில் இன்னும் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள்; என் பேச்சு உங்களிடம்தான்.

முதலில் முயலைப் பற்றிப் பேசிவிடுகிறேன். நம் தொகுதியின் பிரதிநிதி, குடியரசுக் கட்சியின் டங்கன் ஹன்டர் அவர்கள் வீட்டில் ஒரு முயல் வளர்ந்தது. அந்த முயல் விமானத்தில் பறந்தது. பறந்த செலவு 600 டாலர் தேர்தல் நிதியிலிருந்து போயிற்று. தவறுதலாக நடந்துவிட்டது என்று பின்னர் விளக்கம் வந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இவர் வளர்த்த முயலுக்குச் சிறகே முளைத்துவிட்டது. நாடு நன்றாக இருக்கட்டும் என்று ஆளுக்கு 50 டாலர் அனுப்பிய பெரியவர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் அந்த முயலுக்கு ஒரு பயணம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். என் தாயார் சென்னையிலிருந்து முதன்முறை வந்தபோது, மூன்று மாதம் ஊறவைத்த நார்த்தங்காய் ஊறுகாயைக் கைப்பையில் கொண்டுபோகக் கூடாது என்று வழியில் ஒரு விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். ஊறுகாய்க்கு இல்லாத இடம் முயலுக்கு இருந்திருக்கிறது.

முயலோடு முடிந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கடந்த ஆகஸ்டில் அரசு தாக்கல் செய்த 47 பக்கக் குற்றப்பத்திரிகை, தேர்தல் நிதியில் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் ஹன்டரும் அவர் மனைவியும் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறது. இத்தாலிக்குக் குடும்பச் சுற்றுலா போனது அதில் இருக்கிறது. ஏழு ஆண்டுகளில் அவர்களுடைய வங்கிக் கணக்கு 1,100 முறைக்கு மேல் இருப்பைத் தாண்டி ஓவர்டிராஃப்ட் ஆனதும் இருக்கிறது. நமக்கு ஒருமுறை அப்படி ஆனாலே அன்றிரவு தூக்கம் வராது. அரைக்கால்சட்டை வாங்கக் கையில் பணமில்லை என்றபோது, அதைக் கோல்ஃப் கடையில் வாங்கி, காயமுற்ற படைவீரர்களுக்குப் பந்து வாங்கியதாக எழுதிக்கொள்ளலாம் என்று வீட்டில் யோசனை பிறந்ததாகவும் அதே ஏடு கூறுகிறது. ஹன்டர் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றிய மரைன் வீரர் என்பதால்தான் அந்த வரி எனக்கு அதிகம் வலிக்கிறது. இருவரும் குற்றத்தை மறுத்திருக்கிறார்கள் என்பதை நானே சொல்லிவிடுகிறேன். சிறைக்கு அனுப்புவதா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். மறுபடியும் வாஷிங்டனுக்கு அனுப்புவதா என்பது நம் கையில் இருக்கிறது.

இதற்கெல்லாம் பதில் சொல்லாமல், எதிரணித் தலைவர் ஒரு கிண்டலோடு அமர்ந்தார். ஹன்டரை எதிர்த்து ஜனநாயகக் கட்சி சார்பில் நிற்கும் அமார் காம்ப்பா-நஜ்ஜார் மூன்று பெயர் வைத்திருப்பவராம். அவரை எப்படி நம்புவது என்று கேட்டார். ஹன்டரின் விளம்பரமும் இதைத்தான் கேட்கிறது. நடுவர் அவர்களே, தமிழர் கூடியிருக்கும் அரங்கில் கேட்கிற கேள்வியா இது? வீட்டில் எனக்கு ஒரு பெயர். பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்தோடு வேறொரு பெயர். இந்த நாட்டில் இறங்கிய அன்று, கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி என் தந்தையின் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். ஊரில் இருக்கும் மனிதர் எப்போது வந்தார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அன்று முதல் எனக்கு வரும் கடிதமெல்லாம் அவர் பெயரில்தான் வருகிறது. அவர் காலமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் சுத்தம் செய்துகொள்ள வருமாறு அவருக்கு இன்னும் அழைப்பு வந்துகொண்டிருக்கிறது. எதிரணித் தலைவருக்கு மட்டும் என்ன, அழைப்பிதழில் ஒரு பெயர், மின்னஞ்சலில் ஒரு பெயர், காப்பிக் கடைக் கோப்பையில் ‘சாம்’ என்று ஒரு பெயர். இவரை எந்த நாட்டு உளவாளி என்று நான் எழுதிக் கொடுப்பது?

அந்த விளம்பரம் பெயரோடு நிற்காமல் தாத்தாவையும் இழுக்கிறது. 1972இல் இஸ்ரேலிய விளையாட்டு வீரர்கள் கொல்லப்பட்ட மியூனிக் ஒலிம்பிக் படுகொலையோடு தொடர்புபடுத்தப்படும் அமாரின் தாத்தா, 1973இல் பெய்ரூட்டில் கொல்லப்பட்டார். அமார் பிறந்தது 1989இல். பார்த்தேயிராத தாத்தாவின் செயலை அவர் வெளிப்படையாகக் கண்டித்தும் இருக்கிறார். இன்னும் என்ன செய்ய வேண்டும்?

அமாரின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘காம்ப்பா’ என்பது அவருடைய தாய்வீட்டுப் பெயர். குற்றப்பத்திரிகை வந்த வாரத்தில், 2003இல் ஈராக் சென்றபோதே வரவுசெலவை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று தொலைக்காட்சியில் சொன்னார் ஹன்டர். நல்லதெல்லாம் தன்னுடையது, கணக்கு மட்டும் வீட்டுக்காரியுடையது என்று சொல்லும் ஒருவருக்கு எதிரில், வளர்த்தவளின் பெயரைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்ட ஓர் இளைஞர் நிற்கிறார்.

ஊறுகாயைப் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு என் முன்னால் வந்து நின்ற என் தாயாரின் பெயர், இத்தனை ஆண்டுகளில் எந்தத் தாளிலும் என் பெயரோடு சேர்ந்ததில்லை. நேற்றிரவு வாக்குச்சீட்டைப் பிரித்து ‘காம்ப்பா’ என்பதை எழுத்தெழுத்தாகப் படித்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. அடுத்த முறை இந்த மேடைக்கு என்னை அழைத்தால், என் பெயருக்கு முன்னால் அவருடைய முதலெழுத்தையும் சேர்த்து அச்சிடுமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, நன்றி கூறி அமர்கிறேன்.