விமானத்தில் ஜீபிஎஸ்: பிழைத்தால் சொல்ல வேண்டும்

வணக்கம் மக்களே. எனக்குப் பின்னால் தெரிவது மட்டக்களப்பு வாவி. அந்தப் பக்கம் திமிலதீவு, விமான நிலையம் இருக்கும் இடம். காற்று கொஞ்சம் இரையும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு விமானத்து ஜீபிஎஸ் பற்றிக் கதைப்போம்.

போனில் மேப் பார்த்தால் சில நேரம் நம்மை வாவிக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடும். சிரித்துவிட்டு விட்டுவிடுவோம். மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிற விமானி அப்படி விட முடியாது. செய்மதியின் கடிகாரம் ஒரு மைக்ரோசெக்கன் பிசகினால் தூரக் கணக்கு 300 மீட்டர் பிசகும். அதனால் விமானத்துறை துல்லியத்தை மட்டும் பார்ப்பதில்லை. பிழைத்தால் உடனே சொல்லுமா என்று கேட்கிறது.

இடத்தைக் கணிக்க நாலு செய்மதி போதும். ஐந்தாவது கிடைத்தால் ஏதோ பிழை என்று விமானத்துக் கருவியே கண்டுபிடிக்கும். எது பிழை என்று பிடித்து ஒதுக்க ஆறு வேண்டும். இதற்கு ரெய்ம் என்று பெயர். வழியில் பறக்க இது உதவும், ஆனால் உயரத்தையும் நம்பி ஓடுபாதைக்கு இறங்கப் போதாது.

அதற்குத்தான் அமெரிக்கா 2003இல் ஜீபிஎஸ்ஸைத் திருத்தித் தருகிற வாஸ் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. இந்தியாவில் இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அதே மாதிரி ககன் என்ற அமைப்பைச் செய்தார்கள். தரை நிலையங்களுக்குத் தாங்கள் நிற்கும் இடம் அச்சொட்டாகத் தெரியும். ஜீபிஎஸ் சொல்வதை அதோடு ஒப்பிடுவார்கள். வருகிற திருத்தம் வேறொரு செய்மதி வழியாக விமானத்துக்குப் போகும். கெட்டுப்போன செய்மதி என்றால் 'பாவிக்காதே' என்ற செய்தியும் போகும். ஓடுபாதைக்கு மேல் 200 அடி வரை இறங்கும் தரத்துக்கு, அந்த எச்சரிக்கை 6 செக்கனுக்குள் வந்தாக வேண்டும். 2022 ஏப்ரலில் இண்டிகோ நிறுவனத்தின் ஏடிஆர் விமானம் ஒன்று ராஜஸ்தானின் கிஷன்கரில் ககனை வைத்து இறங்கிக் காட்டியது.

இனி நம்ம பகுதியின் தலையிடி. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கும் இலங்கைக்கும் பக்கமாகத்தான் போகிறது. செய்மதிச் சிக்னல் வருகிற வழியில், மேலே மின்னேறிய துகள்கள் நிறைந்த அயனமண்டலம் இருக்கிறது, அது சிக்னலைத் தாமதமாக்கும். பொழுது பட்ட பிறகு இங்கே அதில் பிளாஸ்மா குமிழிகள், அதாவது துகள் அடர்த்தி குறைந்த பகுதிகள், கிளம்பும். சூரியன் உக்கிரமாக இருக்கிற வருடங்களில் இன்னும் மோசம். அமெரிக்காவுக்கு எழுதிய தாமதக் கணக்கு இங்கே அப்படியே சரிவராது, இந்தியாவும் தனியாக ஒரு அயனமண்டல மாதிரி செய்ய வேண்டி வந்தது.

இரண்டு அலைவரிசையில் கேட்டால் அயனமண்டலத் தாமதத்தைப் பெரும்பாலும் கழித்துவிடலாம். நல்ல விசயம்தான். ஆனால் குமிழிக்குள் சிக்னலே துடித்து அறுந்தால், எல்1, எல்5 என்கிற அந்த இரண்டு அலைவரிசையும் சேர்ந்தே போய்விடலாம். 'இனி விமானத்துக்கு வழிகாட்டத் தரையில் உள்ள வானொலிக் கருவிகள் எதற்கு, கழற்றிவிடலாம்' என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போகாதது அதனால்தான். குறைந்தது இந்த அகலாங்கில், இரவு இறங்கும் விமானத்துக்கு அவை இருக்கட்டும்.