மட்டி வெந்த தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். மட்டியை வேகவைத்து எடுத்த பிறகு, பாத்திரத்தின் அடியில் கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதைக் கீழே கொட்டிவிடாதீர்கள். அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில் கிளாம் சவுடர் என்று ஒரு மட்டி சூப் செய்கிறார்கள். அதன் ருசிக்கு ஆதாரமே அந்தத் தண்ணீர்தான். நியூ இங்கிலாந்தின் வெள்ளை சவுடர், மன்ஹாட்டன் பெயரில் வழங்கும் சிவப்பு சவுடர், ரோட் ஐலண்டின் தெளிந்த சவுடர், மூன்றும் தொடங்குவது அங்கேதான்.

முதலில் மட்டி. சவுடருக்கு அங்கே எடுப்பது கோஹாக் என்ற கெட்டி ஓட்டு மட்டி. அளவுக்கு ஏற்ப அதற்குப் பெயர் மாறும். சிறியது லிட்டில்நெக், அதற்கு அடுத்தது செர்ரிஸ்டோன். பெரிதாக வளர்ந்ததற்குச் சந்தையில் சவுடர் கிளாம் என்றே பெயர். சிறியது இளசு, பச்சையாகவே சாப்பிடுவார்கள். பெரியதன் சதை ரப்பர் மாதிரி இருக்கும். ஆனாலும் விலை குறைவு, மணம் அதிகம், தண்ணீரும் நிறைய விடும். அதனால் சவுடருக்குப் பெரியதையே வாங்குங்கள். பொடியாக நறுக்கிவிட்டால் சதையின் கடினம் தெரியாது.

ஓடு திறந்திருக்கும் மட்டியை விரலால் தட்டிப் பாருங்கள். மூடிக்கொண்டால் உயிரோடு இருக்கிறது. மூடாவிட்டால் எறிந்துவிடுங்கள். மணல் போக, லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைத்த குளிர்ந்த தண்ணீரில் ஓரிரு மணி நேரம் வையுங்கள். வெறும் குழாய்த் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. கடல் உயிர் அது, நல்ல தண்ணீரில் செத்துப்போகும்.

நாலு பேருக்கு ஓட்டோடு 3 கிலோ மட்டி, 2 கப் தண்ணீர். உப்புப் போடவே வேண்டாம். மூடிவைத்து வேகவிடுங்கள். 5 நிமிடம் ஆனதும் மூடியைத் திறந்து, வாய் பிளந்ததை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மறுபடி மூடுங்கள். பிளந்த மட்டி உள்ளேயே கிடந்தால் சதை இறுகிவிடும். 10 நிமிடத்துக்கு மேலும் திறக்காமல் இருப்பதைச் சாப்பிட வேண்டாம். பிறகு அந்தத் தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கட்டும். மெல்லிய துணியில் மெதுவாக இறுத்து, அடியில் நிற்கும் கடைசி இரண்டு கரண்டியை விட்டுவிடுங்கள். மணல் முழுவதும் அங்கேதான் தங்கியிருக்கும்.

இனி வெள்ளை சவுடர். உப்பில் பதப்படுத்திய பன்றிக் கொழுப்பு 100 கிராம், சின்னத் துண்டுகளாக. மெதுவான தீயில் கொழுப்பு உருகி, துண்டுகள் பொன்னிறமானதும் அவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள். கடைசியில் மேலே தூவலாம். பன்றி வேண்டாதவர்கள் 3 மேசைக்கரண்டி வெண்ணெய் எடுத்துக்கொள்ளலாம். புகையூட்டிய பேக்கன் மட்டும் கூடாது, அந்தப் புகை வாசம் மட்டியை அமுக்கிவிடும். உருகிய கொழுப்பில் ஒரு பெரிய வெங்காயத்தைச் சிவக்காமல் வதக்குங்கள். 600 கிராம் உருளைக்கிழங்கைச் சிறு சதுரங்களாக நறுக்கிப் போட்டு, இறுத்து வைத்த மட்டித் தண்ணீரை ஊற்றுங்கள். 15 நிமிடத்தில் கிழங்கு வெந்துவிடும்.

அடுத்து கிரீம், 1 கப். பலருக்கும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். நம் வீட்டுச் சொதிக்கு முதல் பாலைக் கடைசியில்தானே விடுகிறோம், கொதிக்கவிடாமல் இறக்குகிறோமே, அதே பக்குவம். அடுப்பை அணைத்து, கிரீமைக் கொஞ்சம் சூடாக்கி ஊற்றுங்கள். நறுக்கிய மட்டியையும் அப்போதே சேருங்கள். கொதித்தால் பால் திரியும், மட்டி தோலாகிவிடும். கொழுப்பு நீக்கிய பால் இன்னும் சீக்கிரம் திரியும் என்பதால்தான் கிரீம். உப்பை எல்லாவற்றுக்கும் பிறகு ருசி பார்த்துப் போடுங்கள். மட்டித் தண்ணீரே உப்பு, கொழுப்பும் உப்பு.

செய்த உடனே பரிமாற வேண்டாம். ஒரு மணி நேரமாவது ஊறட்டும். குளிர்பெட்டியில் ஓர் இரவு இருந்தால் இன்னும் நல்லது. மறுநாள் மெல்லிய தீயில் சுடவைத்தால் போதும்.

இந்த மைதா விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பல உணவகங்களில் கரண்டி நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு மாவைக் கரைத்து ஊற்றிவிடுகிறார்கள். வாயில் மாவுதான் தெரிகிறது, மட்டி தெரிவதில்லை. 1751இல் பாஸ்டன் ஈவ்னிங் போஸ்ட் இதழில் வந்த சவுடர் குறிப்பில் பாலும் இல்லை, கிழங்கும் இல்லை. அது மீன் சவுடர். வெங்காயம், பன்றி, மீன், பிஸ்கட் என்று அடுக்கடுக்காக வைப்பார்கள். ஊறிய பிஸ்கட்டே அதைக் கெட்டியாக்கும். இன்றைக்கும் அந்த வழியில் போகலாம். நாலைந்து கிழங்குத் துண்டுகளைப் பாத்திரத்தின் ஓரத்தில் நசுக்கிவிடுங்கள். சாப்பிடும்போது ஆய்ஸ்டர் கிராக்கர் என்ற குட்டி பிஸ்கட்டுகளைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக்கொள்ளுங்கள். மொத்தமாகக் கொட்டினால் ஊறிக் கூழாகிவிடும்.

தக்காளி சேரும் சிவப்பு சவுடர் மேல் நியூ இங்கிலாந்துக்காரர்களுக்குக் கோபம் உண்டு. 1939இல் மெய்ன் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் கிளீவ்லேண்ட் ஸ்லீப்பர், சவுடரில் தக்காளி போடுவதைத் தடைசெய்ய மசோதாவே கொண்டுவந்தார். எனக்குச் சிவப்பின் மேல் வருத்தம் இல்லை. தக்காளி, கேரட், செலரி, தைம் இலை, நல்ல சேர்க்கைதான். மட்டித் தண்ணீருக்குப் பதில் வெறும் தக்காளிச் சாறு ஊற்றினால்தான் அது காய்கறி சூப்பாகிவிடுகிறது. புளிப்பில் பால் திரியும் என்பதால் இதில் பால் கிடையாது.

தெளிந்த ரோட் ஐலண்ட் சவுடரில் பாலும் இல்லை, தக்காளியும் இல்லை. கொழுப்பு, வெங்காயம், கிழங்கு, மட்டி, அதன் தண்ணீர், அவ்வளவுதான். குறையை மறைக்க ஒன்றுமே இல்லாததால் மூன்றில் இதுதான் எனக்கு முதலிடம். இதோடு கிளாம் கேக் என்று மட்டி கலந்த போண்டா மாதிரி ஒன்றைத் தொட்டுச் சாப்பிடுவார்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. சான் பிரான்சிஸ்கோவில் புளித்த மாவு ரொட்டியைக் குடைந்து, அதில் சவுடரை ஊற்றித் தருவார்கள். குடைந்த உட்பக்கத்தை முதலில் அடுப்பில் வாட்டிக்கொண்டால் ஒழுகாது. புளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் மினோர்க்காத் தீவிலிருந்து வந்தவர்களின் சவுடர் ஒன்று உண்டு, தக்காளியும் டாட்டில் என்ற காரமான மிளகாயும் போட்டது. அதற்கு மிளகாய் ஒன்றே போதும், கீறி முழுசாகப் போட்டு இறக்கும்போது எடுத்துவிடுங்கள். வணக்கம்.