இசைத்தட்டும் பாறையும் பேரேடும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

செட்டிநாடு பார்க்க வருகிறவர்கள் முகப்பைப் பார்க்கிறார்கள், பட்டாலைத் தேக்குத் தூணைத் தட்டிப் பார்க்கிறார்கள், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், மதியச் சாப்பாட்டோடு ஊர் திரும்புகிறார்கள். விருந்தாளிக்கு அது போதும். இங்கேயே வாழும் நமக்குப் போதாது. நம் வீட்டு அலமாரிகளில் பழைய இசைத்தட்டுகள் கிடக்கின்றன. ஒன்றரை மணி நேரப் பயணத்தில், ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முந்தைய சுர வரிசை பாறையில் இருக்கிறது. இரண்டாங்கட்டு அறைகளில், நம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) பர்மாவில் வட்டிக்கடை நடத்திய காலத்துக் கணக்குகள் தூங்குகின்றன. தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றும் பாதிதான் பேசும். காதால் கேட்டதை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்ததை நூலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். படித்த பிறகு மறுபடியும் கேட்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதே இன்றைய பேச்சு.

இசைத்தட்டிலிருந்து தொடங்குகிறேன். காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் படம் எடுக்க வருவதற்கு முன்பே இசைத்தட்டு வணிகத்தில் இருந்தவர். 1940களில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோவே நடத்தினார். ஆகவே இந்தப் பக்கத்து வீடுகளில் தட்டுகள் கிடைப்பதில் வியப்பில்லை. வியப்பு, அவற்றை நாம் கெடுக்கும் வேகம்தான்.

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டு அரக்கு கலந்து வார்த்தது. அரக்கு, ஸ்பிரிட்டில் கரையும். சானிடைசரையோ சென்ட்டையோ தொட்டுத் துடைத்தால், பாட்டு பதிந்த பள்ளத்தின் சுவரே கரைந்துபோகும். பிறகு எந்தக் கருவியாலும் அந்தப் பாட்டை மீட்க முடியாது. வடிநீரில் மென்மையான சோப்பு இரண்டு சொட்டு விட்டு, பள்ளத்தின் போக்கிலேயே மெல்லிய துணியால் வட்டமாகத் துடையுங்கள். நடுவில் உள்ள லேபிள் நனையக் கூடாது. காய்ந்ததும் உறையிலிட்டு நிற்க வையுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் அடித்தட்டு விரிசல் விடும். நம்மூர் சித்திரை வெயிலில் மச்சில் வைத்தால் வளைந்துவிடும்.

கிராமபோன் பெட்டியில் ஓடவிடும்போது இரும்பு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். தேய்ந்த ஊசி உளிபோலப் பள்ளத்தைச் செதுக்கிவிடும். மின்சார சுழல்மேடையில் போடுகிறவர்கள், பிற்காலத்து எல்.பி. (நீண்ட நேரம் ஓடும்) தட்டுக்கான ஊசியைப் போடக் கூடாது. அதன் முனை ஏறத்தாழ 18 மைக்ரான். 78 சுற்றுத் தட்டின் பள்ளத்துக்கு 75 மைக்ரான் அளவுள்ள முனை வேண்டும். சிறிய முனை பள்ளத்தின் அடியில் உரசிக்கொண்டு போகும், பாட்டைவிட இரைச்சலே மிகுதியாகக் கேட்கும்.

அடுத்தது வேகம். பலர் தவறுவது இங்கேதான். தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டை வைத்து, ஊசி பள்ளத்தில் ஓடும்போதே, கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள்: அரை நிமிடத்தில் 39 சுற்று. ஊசி இல்லாமல் எண்ணினால் கணக்கு பிசகும், ஏனென்றால் ஊசியின் உரசல் வேகத்தைக் குறைக்கும். சாவி கொடுக்கும் பெட்டியானால் ஒவ்வொரு பக்கத்துக்கும் முழுச்சாவி கொடுங்கள். வில் தளர்ந்தால் பாட்டு முடியும் தறுவாயில் சுருதி இறங்கும். வேகம் 6 விழுக்காடு பிசகினால் சுருதி ஏறத்தாழ அரைச் சுரம் மாறிவிடும். மேலும், அந்தக் காலத்தில் எல்லாத் தட்டும் சரியாக 78இல் பதிவாகவில்லை. எனவே, ‘அவர் நாலு கட்டைச் சுருதியில் பாடினார்’ என்று ஒரே ஒரு தட்டை வைத்து யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். அதற்குள் ஆலாபனை, பாட்டு, கொஞ்சம் சுரம் எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே தட்டில் கேட்பது, கல்யாண வீட்டு முகப்பில் இரவு முழுக்க வாசித்த நாகசுரத்தின் சுருக்கம் மட்டுமே. பழைய வித்துவான்கள் விறுவிறுப்பாகத்தான் பாடினார்கள் என்று இதைக் கொண்டு முடிவு கட்டக் கூடாது. லேபிளில் உள்ள எண் விற்பனைக்கானது; லேபிளுக்கும் பள்ளத்துக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் பொறித்த எண்தான் பதிவுக்கானது. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி தேவாரத்துக்கு வருவோம். நம் பக்கத்துத் திருப்புத்தூர் மேல் சம்பந்தர் பாடிய பதிகத்துக்குப் பண், அதாவது பழந்தமிழ் இராகம், தக்கராகம். இன்று ஓதுவார்கள் அதைக் காம்போதியில் பாடுகிறார்கள். சாதாரிக்குப் பந்துவராளி, கௌசிகத்துக்குப் பைரவி, பஞ்சமத்துக்கு ஆகிரி, மேகராகக்குறிஞ்சிக்கு நீலாம்பரி என்று வழக்கம் இருக்கிறது. வழிவழியாக வந்த இந்தப் பொருத்தங்களை ஆராயத்தான் சென்னைத் தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள் நடத்தி வருகிறது. அந்தச் சங்கம் 1943இல் பிறக்கக் காரணமாயிருந்தவர் நம்மூர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். பதிகத்தைக் காதில் ஏற்றிக்கொண்டு, பிறகு திருப்புத்தூருக்குப் போய் அர்த்தசாம பூசை வரை இருந்து பாருங்கள். தக்கராகம் இராப்பண். அதைப் பகலில் காரில் கேட்பதற்கும், கூட்டம் கலைந்த பிரகாரத்தில் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை நூல் சொல்லித் தராது.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன சுர வரிசைப் பாறை இருக்கும் குடுமியான்மலை. காரைக்குடியிலிருந்து திருமயம், புதுக்கோட்டை வழியாகப் போக வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து 20 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்புங்கள், கோயில் நடை உச்சிக்கு மேல் சாத்திவிடும் என்பது ஒரு காரணம், வெளிச்சம் இன்னொரு காரணம். நண்பகல் வெயிலில் கல்லெழுத்துக்கு நிழல் விழாது, எழுத்தே தெரியாது. காலைச் சாய்வெயில் வேண்டும். இல்லையென்றால் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். சுண்ணாம்பும் மாவும் பூசித் தடவிப் பார்ப்பது கல்லுக்குக் கேடு. மைப்படி எடுப்பது தொல்லியல் துறையினர் வேலை. கல்லைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மைப்பொதியால் ஒற்றுவார்கள். பள்ளத்தில் மை படாததால் எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் வரும். நமக்கு அச்சில் வந்திருக்கும் படியே போதும். அதைக் கையில் கொண்டுபோங்கள்.

மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் இருக்கிறது அந்தக் கல்வெட்டு. பல்லவ கிரந்த எழுத்து. மத்தியமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என ஏழு பகுதிகள். நான்கு நான்கு சுரமாகக் கட்டி, வரிக்குப் பதினாறு கட்டு. ஒவ்வொரு சுர எழுத்தும் நான்கு உயிரேறி வருகிறது: ர, ரி, ரு, ரெ என்று. இந்த உயிர்மாற்றம் எதைக் குறிக்கிறது? சுருதி வேறுபாட்டை என்கிறார்கள் சிலர்; நரம்பை மீட்டும் விரல்முறையை என்கிறார்கள் சிலர். முடிவில் தமிழில் ஒரு வரி: ‘எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய’. எட்டு நரம்பும் ஏழு நரம்பும் கொண்ட கருவிகளை அது சுட்டுவதாகக் கொள்வது வழக்கம்.

மகேந்திரவர்ம பல்லவன் வெட்டியது என்று அங்கே உங்களிடம் சொல்வார்கள். பழைய நூல்கள் சிலவும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் பாறையில் அந்தப் பெயர் இல்லை. உருத்திராசாரியரின் மாணவனான, சிவபக்தனான ஓர் அரசன், மாணாக்கர் நலனுக்காகச் செய்தது என்றுதான் இருக்கிறது. நேரில் போய், நூலோடு ஒத்துப் பார்க்கிறவனுக்கு மட்டுமே இந்த இடைவெளி தெரியும். அதேபோல, சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் என்ற பெயர்களைக் கண்டதும் தேவாரப் பண்களோடு முடிச்சுப் போட ஆசை வரும். பெயர் ஒட்டினால் இசையும் ஒட்டியது என்று ஆகாது. அந்தச் சுர வரிகளைப் பந்துவராளியில் பாடிக் காட்டி இதுதான் ஏழாம் நூற்றாண்டு இசை என்பது நேர்மையாகாது. சுர எழுத்து இருக்கிறது. தாளமும் கமகமும் (சுரத்தை அசைத்துப் பாடும் முறையும்) கல்லில் ஏறவில்லை.

திரும்பும் வழியில் திருமயத்தில் இறங்குங்கள். சிவன் குடைவரையில் இதேபோன்ற இசைக் கல்வெட்டின் சிதைந்த மிச்சம் உண்டு. அங்குள்ள சைவ, வைணவக் கோயில்களுக்கிடையே இருந்த வழக்கை 1245இல் போசள (ஹொய்சள) அரசின் தண்டநாயகர் (படைத்தலைவர்) ஒருவர் முன்னிலையில் தீர்த்துவைத்த செய்தியும் கல்லில் இருக்கிறது.

காவடிப் பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் பாடுவதைக் கைப்பேசியில் பதிவு செய்கிறவர்கள், பதிவின் தொடக்கத்திலேயே தேதி, இடம், பாடுகிறவர் ஊர் மூன்றையும் வாயால் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் குரல் மாறாது. சிங்கப்பூரில் 1859இல் நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் வரை இந்த மெட்டுகள் கடல் கடந்திருக்கின்றன. அங்குள்ள பதிவோடு ஒத்துக் கேட்கும் நாள் வரும்.

கடைசியாக ஏடு. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஒருவராக நூல்களையும் இதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் ஏறத்தாழ ஒரு லட்சம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அதே ஊர்க்காரர் ஏ.கே. செட்டியார் ரங்கூனில் ‘தனவணிகன்’ இதழை நடத்தியவர். பர்மாவைப் படிக்க இவர்கள் சேர்த்ததும் எழுதியதும் வேண்டும். கூடவே 1929-30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு தந்த அறிக்கையும் வேண்டும். 1930இல் கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கையிலிருந்த நிலம் 6 விழுக்காடு. 1938இல் 25 விழுக்காடு. நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், ஈடு வைத்த நிலம் கைக்கு வந்தது. பர்மியர் பார்வையில் அது பறிப்பு. நம்மவர் கணக்கில் அது முடங்கிய பணம். இரண்டு பக்கத்தையும் படிக்காதவர் பர்மாவைப் பற்றி மேடையேறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அந்த எட்டு ஆண்டுகள் உங்கள் வீட்டுப் பேரேட்டிலும் இருக்கும். படிக்கும்போது மூன்று இடத்தில் சறுக்கும். பக்கத்தின் தலையில் உள்ள பிள்ளையார் சுழியை ௨ என்று எண்ணாகப் படித்துவிடுவார்கள். பழைய கணக்கில் இருபத்தைந்து ௨௰௫ என்று வரும். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம் என்பதை மனத்தில் ஏற்றிக்கொள்ளாமல் கூட்டினால் தொகை உதைக்கும். பின்னத்தில் மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. மூன்றாவது, ஆண்டு. பிரமோதூத வருஷம் என்று மட்டும் இருந்தால் அது 1930ஆகவும் இருக்கலாம், 1870ஆகவும் இருக்கலாம். தாளின் நீர்க்குறி, ஒட்டிய ரெவின்யூ ஸ்டாம்பில் உள்ள அரசர் தலை, கடைப் பெயர், ஐந்தொகையில் (ஆண்டு முடிவில் எழுதும் இருப்புக் கணக்கில்) வரும் ஆட்கள் இவற்றைக் கொண்டுதான் அறுபது ஆண்டு இடைவெளியைத் தீர்க்க முடியும்.

வீடு பிரிக்கும்போது தூணும் நிலையும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போகின்றன. ஏடுகள் எடைக்குப் போகின்றன. எடைக்குப் போடுமுன் ஒவ்வொரு பேரேட்டிலும் முதல் பக்கம், கடைசிப் பக்கம், ஐந்தொகைப் பக்கம் மூன்றையும் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். பூச்சி அரித்த தாளை இழுத்துப் பிரிக்க வேண்டாம். ஒட்டியிருந்தால் ஒட்டியபடியே துணியில் சுற்றி வையுங்கள், பேணத் தெரிந்தவர் வந்து பார்க்கும் வரை.