கோடு விழுந்த பிறகு வந்தவர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கொரியா இரண்டாகப் பிளந்ததற்குப் பெரிதும் காரணம் வல்லரசுகளின் போட்டியா, கொரியத் தலைவர்களின் பதவி ஆசையா என்பது தலைப்பு. பின்னாளில் வடக்கை ஆண்ட கிம் இல் சுங்கும் தெற்கை ஆண்ட சிங்மன் ரீயும் நாற்காலிக்காக நாட்டைக் கூறு போட்டார்கள் என்று அடித்துச் சொல்லிவிட்டு அமர்ந்தார் எதிரணி நண்பர். தேதிகளைப் பார்த்துவிடுவோம்.

1945 ஆகஸ்ட் 10, வாஷிங்டனில் நள்ளிரவு. சோவியத் படை ஜப்பான்மீது போர் தொடுத்து, ஜப்பானின் பிடியில் இருந்த கொரியாவை நெருங்கிவிட்டது. அமெரிக்கப் படையோ ஒகினாவாவில் நிற்கிறது. டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு கர்னல்களிடம், கொரியாவை இரு படைகளுக்கும் எந்த இடத்தில் பிரிக்கலாம் என்று அரை மணி நேரத்தில் சொல்லச் சொன்னார்கள். அவர்கள் கையில் இருந்தது நேஷனல் ஜியாகிரஃபிக் வரைபடம். தலைநகர் சியோல் தங்கள் பக்கம் விழவேண்டும். அதற்கு வாகாக 38ஆம் அட்சரேகை இருந்தது. மலையோ ஆறோ மாகாண எல்லையோ அவர்கள் பார்க்கவில்லை. ஒங்ஜின் தீபகற்பத்தின் கதியைப் பாருங்கள்: கணக்கில் அது தெற்கு, ஆனால் சியோலிலிருந்து தரைவழியாகப் போக வடக்கைத் தாண்டவேண்டும். ஸ்டாலினும் மறுபேச்சில்லாமல் அந்தக் கோட்டை ஏற்றார். ஒரு கொரியரைக் கேட்டார்களா, ஐயா?

சோவியத் மண்ணில் செம்படைக் கேப்டனாக இருந்த கிம் இல் சுங், சோவியத் கப்பலில் வொன்சான் துறைமுகம் வந்து சேர்ந்தது செப்டம்பர் 19. அமெரிக்காவில் இருந்த சிங்மன் ரீ அமெரிக்க ராணுவ விமானத்தில் வந்தது அக்டோபரில். கோடு விழுந்த பிறகு வந்தவர்கள்மேல் கோடு போட்ட பழியைச் சுமத்தலாமா?

சரி, போட்ட கோட்டை அழிக்கவாவது விட்டார்களா? அதற்கென்றே 1946இல் அமெரிக்க சோவியத் கூட்டு ஆணையம் கூடியது. கொரியாவைச் சில ஆண்டுகள் வல்லரசுகளே மேற்பார்வையிடும் பொறுப்பாட்சித் திட்டத்தை எதிர்த்த கட்சிகளைக் கலந்தாலோசிக்கவே கூடாது என்றது சோவியத் தரப்பு. அப்படிச் செய்தால் வலதுசாரிகள் மொத்தமும் வெளியே நிற்பார்கள், அமெரிக்கா ஒப்பவில்லை. யாரிடம் பேசுவது என்பதிலேயே பேச்சு முறிந்தது. 1947இல் மறுபடி கூடியும் அதே கதை.

பதவி ஆசை என்கிறீர்களே, கிம் கூவை எங்கே வைப்பீர்கள்? தெற்கில் மட்டும் தேர்தல் வேண்டாம் என்று 1948 ஏப்ரலில் 38ஐத் தாண்டிப் பியோங்யாங் போய்ப் பேசினார் அந்த முதிய விடுதலைப் போராளி. கேட்பார் இல்லை. மே 10 தெற்கில் தேர்தல் நடந்தது; மே 14 வடக்கு மின்சாரத்தைத் துண்டித்தது. பெரிய நீர்மின் நிலையங்கள் வடக்கில், நெல் விளையும் சமவெளி தெற்கில். ஒன்றை நம்பி ஒன்று இருந்த நாடு, ஐயா!

1950இல் போரைத் தொடங்கியவர் கிம் இல் சுங்தான். அந்தக் குற்றத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் 1949இல் அவர் அனுமதி கேட்டபோது ஸ்டாலின் மறுத்தார், போர் வரவில்லை. 1950இல் தலையசைத்தார், வந்தது. தெற்கிலோ, அதே ஆண்டு ஜூலையில் தன் படையின் கட்டளை அதிகாரத்தை அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரிடம் எழுதிக் கொடுத்தார் ரீ. 1953 போர்நிறுத்தத்தில் தென்கொரியா கையெழுத்துப் போடவில்லை. ரீ மறுத்தும் உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. கையெழுத்தே தேவைப்படாத ஒரு தலைவர் நாட்டைப் பிளந்தார் என்பதை எதிரணியினர் எப்படி நிறுவப் போகிறார்கள் என்று கேட்டு அமர்கிறேன்.