ஏஐ எழுதட்டும், மாணவர் திருத்தட்டும்: இப்படி ஒரு அசைன்மென்ட் கொடுத்துப் பாருங்கள்!

வணக்கம் நண்பர்களே!

பத்துப் பக்க அசைன்மென்ட். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. ஆசிரியர் மாணவரைக் கூப்பிட்டு, "மூணாவது பத்தியில 'கட்டமைப்பு சார்ந்த முரண்'னு எழுதியிருக்கியேப்பா, அப்படின்னா என்ன?" என்று கேட்கிறார். மாணவர் தாளைப் பார்க்கிறார். இன்னொரு முறை பார்க்கிறார். தன் பெயர் போட்ட தாளை அப்போதுதான் முதன்முதலாகப் படிக்கிறார்.

தப்பு அந்த மாணவர்மேல் மட்டும்தானா? அந்தக் கேள்வியைக் கொடுத்தவருக்கும் பாதிப் பங்கு உண்டு என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

பின்னணி உங்களுக்கே தெரியும். 2022 நவம்பர் 30 அன்று, கேட்டதை எழுதித் தரும் ஏஐ கருவியான சாட்ஜிபிடி வந்தது. 'பற்றிக் கட்டுரை வரைக' என்று முடியும் கேள்விகளுக்கு அன்றோடு உயிர் போனது.

சரி, ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கத்தான் மென்பொருள் இருக்கிறதே என்பீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டது. அவர்கள் சோதனையிலேயே, ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று தப்பாகச் சொன்னது. ஜூலையில் அவர்களே அதை நிறுத்திவிட்டார்கள்.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களிடம் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை 'ஏஐ எழுதியது' என்று அவை முத்திரை குத்தின. எளிய சொற்கள், எதிர்பார்க்கக்கூடிய வாக்கியங்கள், அதுதான் காரணம். இன்னொரு மொழியில் தட்டுத்தடுமாறிச் சொந்தமாக எழுதுகிற பிள்ளையைத் திருடன் என்று சொல்கிற கருவியை நம்பி மார்க்கைக் குறைப்பது அநியாயம்.

அப்படியானால் என்ன செய்வது? எனக்கு ரொம்பப் பிடித்த வழி இதுதான். கேள்வியை ஆசிரியரே ஏஐயிடம் கொடுத்து, வந்த பதிலை அப்படியே அச்செடுத்து மாணவர் கையில் கொடுக்கட்டும். கூடவே ஒரு சிவப்புப் பேனா. 'இதைத் திருத்து. எங்கே தப்பு, எங்கே மழுப்பல், எங்கே ஆதாரம் இல்லை? ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுது.' இதுதான் அசைன்மென்ட்.

இதில் சுவாரசியமே மேற்கோள் பட்டியல்தான். ஏஐ தருகிற மேற்கோளைத் துருவிப் பார்த்திருக்கிறீர்களா? ஆய்விதழின் பெயர் நிஜம். தொகுதி எண்ணும் நிஜமாக இருக்கலாம். அந்த இதழைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தைப் புரட்டினால் சம்பந்தமே இல்லாத வேறொரு கட்டுரை இருக்கும்! அடுத்து எந்தச் சொல் வரப் பொருத்தமானது என்று கணித்துக் கணித்துத்தான் இந்த ஏஐ கருவிகள் எழுதுகின்றன. அதனால் மேற்கோள் போலவே தோன்றும் ஒன்றைக் கூசாமல் கட்டிவிட அவற்றால் முடியும். இப்போதைய கருவிகள் இணையத்தில் தேடிப் பதில் சொல்கின்றனதான். ஆனாலும் காட்டுகிற ஆதாரம் ஒன்று, சொல்கிற கருத்து வேறு என்று ஆவது உண்டு.

பெரியவர்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். நியூயார்க்கில் அவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில், மனுதாரரின் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். அதில் ஆறு வழக்குகள் உலகத்திலேயே இல்லாதவை! அதைவிடக் கொடுமை, 'இது நிஜமான வழக்கா?' என்று அதே சாட்ஜிபிடியிடம் கேட்டபோது, 'ஆமாம்' என்றது. 2023 ஜூனில் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

இந்தக் கதையை வகுப்பில் சொல்லிவிட்டு அந்தத் தாளைக் கொடுங்கள். ஒரு பொய் மேற்கோளைத் தானே கண்டுபிடித்த மாணவர், அப்புறம் எந்தப் பதிலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டார். 'அந்தத் திருத்தத்தையும் ஏஐயிடமே செய்யச் சொன்னால்?' என்று கேட்பீர்கள். செய்யச் சொல்லலாம். அதனால்தான் தேடிப் பார்த்த பக்கத்தின் படத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கூடவே ஐந்து நிமிட நேர்ப்பேச்சு. ஒரு திருத்தத்தைத் தொட்டு, 'இதை ஏன் அடிச்ச?' என்று கேட்டாலே போதும்.

பெரிய வகுப்பில் எல்லாரிடமும் பேச நேரம் இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். சிட்னி பல்கலைக்கழகம் இதற்கு இரண்டு தடம் வைத்திருக்கிறது: ஒன்று கண்முன்னே நடக்கும் தேர்வு, மற்றது ஏஐயைத் தாராளமாகப் பயன்படுத்தக்கூடிய வேலை. இரண்டையும் போட்டுக் குழப்புவதில்லை. எனக்கு இது நேர்மையான ஏற்பாடாகப் படுகிறது.

ஆசிரியர்களே, அடுத்த அசைன்மென்ட்டைக் கொடுக்கும் முன் அதை ஒரு முறை ஏஐயிடம் போட்டுப் பாருங்கள். நல்ல மார்க் வாங்கும் பதில் வந்தால், கேள்வியை மாற்றுங்கள். மாணவர்களே, நீங்கள் பிடித்த பொய் மேற்கோளைக் கமெண்டில் போடுங்கள். எந்தப் பக்கத்தைப் புரட்டிப் பிடித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஒவ்வொன்றையும் நான் படிக்கிறேன்.