பெயர் அப்பாவுக்கு, வீடு மகனுடையது: மிசூரியின் கல் வீடு

[காட்சி: பச்சைப் பள்ளத்தாக்கு. மேட்டில் சாம்பல் நிறக் கல் வீடு.]

வணக்கம். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் காரில் போனால் டிஃபையன்ஸ் என்ற சின்ன ஊர் வரும். அதற்குப் பக்கத்தில்தான் இந்த வீடு. கேட்டால் எல்லோரும் 'டேனியல் பூன் வீடு' என்பார்கள். ஆனால் இது டேனியலின் வீடு இல்லை. அவருடைய கடைசி மகன் நேத்தனின் வீடு.

முதலில் அப்பாவைப் பார்த்துவிடலாம். 1775-ல் கம்பர்லேண்ட் கணவாய் வழியாகக் காட்டை வெட்டிக் கென்டக்கிக்குப் பாதை போட்டவர் டேனியல். அந்தப் பாதையில் ஆயிரக்கணக்கானவர்கள் குடியேறினார்கள். அவர் கையில் மட்டும் நிலம் நிற்கவில்லை. நம் பாஷையில் சொன்னால், பட்டா சரியில்லை! அளந்த நிலத்தை முறையாகப் பதிவு செய்யாததால் வழக்கு மேல் வழக்கு, கடன் வேறு. கடைசியில் 1799-ல், 64 வயதில், மூட்டை கட்டிக்கொண்டு மிசூரிக்குக் கிளம்பிவிட்டார்.

[காட்சி: பழைய வரைபடம். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே ஸ்பெயினின் நிறம்.]

அப்போது மிசூரி ஸ்பெயின் ஆட்சியில் இருந்தது. பெரிய பெயர் உள்ளவர் வருகிறார், கூடவே நாலு குடும்பம் வரும் என்று ஸ்பானிய அதிகாரிகள் நிலம் கொடுத்தார்கள். சிண்டிக் என்ற பதவியும் கொடுத்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர், நீதிபதி இரண்டும் சேர்ந்த மாதிரி ஒரு வேலை. ஒரு எல்ம் மரத்தடியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னாராம்.

1803-ல் அமெரிக்கா இந்தப் பகுதியை வாங்கியதும் பழைய கதை மறுபடி ஆரம்பித்தது. ஸ்பெயின் கொடுத்த நிலம் செல்லாது என்றார்கள். 1814-ல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டு நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதையும் விற்றுக் கென்டக்கிக் கடனை அடைத்தார். ஆகக் கடைசிக் காலத்தில் டேனியலுக்குச் சொந்த நிலம் இல்லை. பிள்ளைகள் வீடுகளில்தான் தங்கினார்.

சரி, நேத்தனுக்கு வருவோம். வந்த வருடம் அவருக்கு 18 வயது, மனைவி ஆலிவுக்கு 16. ஒரு குதிரை, சேணம், கடிவாளம் மூன்றையும் கொடுத்து நிலம் வாங்கினார். முதலில் மரக்கட்டைகளை அடுக்கிய சின்னக் குடில்தான். வருடங்கள் கழித்து, 1810-களில்தான், இந்தக் கல் வீடு முழுதாக எழுந்தது.

[காட்சி: சுவரின் நெருக்கமான படம். ஜன்னல் குழியில் ஒரு கை.]

சுவரைப் பாருங்கள். 2½ அடி தடிமன். அந்தப் பகுதியிலேயே வெட்டிய சுண்ணாம்புக் கல். ஜன்னல் திண்ணை மாதிரி ஆழமாக இருக்கிறது. குழந்தை ஏறிப் படுத்துக்கொள்ளலாம். அறைக்கு அறை கணப்பு. அதன் மேலுள்ள மரச்சட்டங்களில் சிலவற்றைச் செதுக்கியது கிழவர் டேனியல்தான் என்று குடும்பத்தில் சொல்லிவந்தார்கள்.

இந்தக் கல்லை யார் சுமந்தது? வழிகாட்டிகள் பெரும்பாலும் பூன் குடும்பத்தின் உழைப்பைப் பற்றியே பேசுவார்கள். ஆனால் நேத்தன் அடிமைகளை வைத்திருந்தவர். இப்படிப்பட்ட பண்ணையில் கல் உடைப்பதும், சூளையில் சுண்ணாம்பு சுடுவதும், உத்தரம் தூக்குவதும் யார் தலையில் விழுந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். அவர்கள் பெயரில் எந்த வீடும் இல்லை.

இன்னொன்று. வீட்டருகே ஓடும் ஓடையின் பெயர் ஃபாம் ஓசேஜ்; பிரெஞ்சு மொழியில் 'ஓசேஜ் பெண்' என்று பொருள். ஓசேஜ் மக்கள்தான் இந்த மண்ணின் பழைய சொந்தக்காரர்கள். 1808-ல் அமெரிக்க அரசின் அதிகாரி வில்லியம் கிளார்க் மேற்கே போய்க் கோட்டை கட்டி, அவர்களிடம் மிசூரியின் பெரும்பகுதியை எழுதி வாங்கினார். கிளார்க்குக்கு வழிகாட்டியாகப் போனவர் யார் தெரியுமா? இதே நேத்தன்!

[காட்சி: கீழ்த்தள அறை. கட்டில், மங்கலான வெளிச்சம்.]

1820 செப்டம்பர் 26. இந்த வீட்டில்தான் டேனியல் இறந்தார், வயது 85. சவப்பெட்டியை முன்னாலேயே செய்து வைத்திருந்தார். முதலில் செய்ததை ஒரு சொந்தக்காரரின் சாவுக்குக் கொடுத்துவிட்டு, தனக்கென்று செர்ரி மரத்தில் இன்னொன்று செய்யச் சொன்னாராம். 1813-லேயே இறந்துபோன மனைவி ரெபெக்காவின் பக்கத்தில் புதைத்தார்கள். 1845-ல் கென்டக்கிக்காரர்கள் வந்து இருவரையும் தோண்டி எடுத்துப்போனார்கள். எடுத்துப்போனது சரியான எலும்புகள்தானா என்று இரண்டு மாநிலங்களுக்கும் இன்னமும் சண்டை.

நேத்தனும் இங்கே கடைசிவரை இருக்கவில்லை. 1837-ல் இதை விட்டுவிட்டு மிசூரியின் தென்மேற்கே ஆஷ் க்ரோவுக்குப் போனார். அங்கே மறுபடி மரக்கட்டை வீடுதான் கட்டினார். 1856-ல் அந்த வீட்டில் இறந்தார். அந்த மர வீடும் இன்று வரை நிற்கிறது.