பற்றரியை டிக்கிக்கு மாற்றினேன்: செம்பு என்று வாங்கிய கேபிள் பறித்துக்கொண்ட ஒரு வார இறுதி

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையில் நம் வீட்டுத் தரிப்பிடத்தில், என் டொயோட்டா ஸ்டார்லட்டின் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இன்று பேசுகிறேன். சென்ற மாதம்வரை பற்றரி அமர்ந்திருந்த இடம் இப்போது வெறுமையாக இருக்கிறது. கையை முழங்கைவரை உள்ளே விட்டு கியர்பெட்டியின் மேற்பகுதியைத் தொட முடிகிறது. இந்த இடைவெளிக்காக மூன்று வார இறுதிகளைச் செலவிட்டேன். அவற்றில் ஒன்றை முழுமையாக ஒரு கேபிள் பறித்துக்கொண்டது. இன்று அந்தக் கேபிளைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இந்த ஈபி82 ரக டர்போ காரின் கதை தெரியும். 1.3 லீற்றர் கொண்ட இதன் 4ஈ-எஃப்டிஈ எஞ்சினுக்கு, டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை எஞ்சினின் தலைமேலேயே வைத்திருக்கிறார்கள். ஓடும்போது பரவாயில்லை. ஆனால் மாலை ஐந்தரை மணிக்குக் காலி வீதியில் நகராத வரிசையில் பத்து நிமிடம் நின்றால், காற்றைக் குளிர்விக்க வேண்டிய அந்தப் பெட்டியே எஞ்சினின் வெப்பத்தைக் குடித்துச் சூடாகிவிடுகிறது. ஆகவே இன்டர்கூலரை முன்பக்க பம்பருக்குப் பின்னால் கொண்டுபோக முடிவு செய்தேன். அதற்குரிய குழாய் திரும்பி வருவதற்கு உகந்த ஒரே வழி பற்றரித் தட்டு இருந்த இடம்தான்.

எடைச் சமநிலைக்காக இதைச் செய்யச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. காரின் எடை ஏறத்தாழ 830 கிலோ, பற்றரியின் எடை 13 கிலோ. மொத்தத்தில் ஒன்றரைச் சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. முன்னால் புதிதாக வரப்போகும் இன்டர்கூலரும் குழாய்களும் அதில் பெரும்பங்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். எனக்குத் தேவைப்பட்டது இடம். கூடவே, எஞ்சின் சூட்டிலிருந்து விலகியிருக்கும் ஈயஅமிலப் பற்றரி நீண்ட நாள் உழைக்கும் என்பதையும் கொழும்பில் வாழும் எவரும் அலட்சியம் செய்யக்கூடாது.

பின்னால் பற்றரி வைப்பது ஆபத்து என்று என் மாமா மூன்று நாட்கள் வாதாடினார். அவர் ஓட்டுவதோ டொயோட்டா அக்குவா. அதன் 12 வோல்ற் பற்றரி பின்னிருக்கையின் அடியில்தான் இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் அமைதியானார். 1959இல் வந்த முதலாவது மினியிலும், 1989இல் வந்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5இலும் தொழிற்சாலையிலேயே பற்றரியை டிக்கியில்தான் வைத்தார்கள். ஆனால் மாமாவின் அச்சத்தில் நியாயமும் இருந்தது. தொழிற்சாலை அதற்கேற்ற பற்றரியையும் வாயு வெளியேறும் குழாயையும் சேர்த்தே பொருத்துகிறது. நாம் வீட்டில் செய்யும்போது முதலில் கைவிடுவது அவற்றைத்தான்.

இனிக் கேபிளுக்கு வருகிறேன். முன்பு பற்றரிக்கும், எஞ்சினைச் சுழற்றி எழுப்பும் ஸ்டார்ட்டருக்கும் இடையில் முக்கால் மீற்றர்தான் இருந்தது. இப்போது பின்வலது மூலையிலிருந்து ஸ்டார்ட்டர்வரை 4.8 மீற்றர். கேபிளின் தடை நீளத்தோடு கூடிக்கொண்டே போகும் என்பதால், 35 சதுர மில்லிமீற்றர் செம்பு வெல்டிங் கேபிள் என்று கணக்குப் போட்டேன். ஒரு கடையில் மீற்றர் 1,450 ரூபாவுக்குக் கிடைத்தது. "முழுச் செம்பு, தம்பி" என்று உறுதியாகச் சொன்னார்கள். வெட்டுமுகம் செம்பு நிறத்தில் பளபளத்தது. 5 மீற்றர் வாங்கி வந்து, நுனிகளில் போல்ட்டில் பூட்டும் செம்பு லக்குகளை அழுத்தி, இருக்கைகளைக் கழற்றி, கம்பளத்தின் கீழ் ஓட்டி, ஒரு சனிக்கிழமையை முழுமையாகக் கொடுத்துப் பொருத்தினேன்.

மறுநாள் காலை திறப்பைத் திருகியபோது ஸ்டார்ட்டர் களைத்த மாடு வண்டி இழுப்பதுபோலச் சுழன்றது. எஞ்சின் உயிர் பெற்றது. என் மனம் அமைதி பெறவில்லை. மிஞ்சியிருந்த துண்டில் ஒரு நரம்பை எடுத்துப் பேனாக்கத்தியால் சுரண்டினேன். செம்பு நிறம் உரிந்து, உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியம்!

சமையலறைத் தராசை எடுத்து வந்து, அம்மா பார்த்துக்கொண்டிருக்க, மிஞ்சியிருந்த 20 சென்றிமீற்றர் துண்டை நிறுத்தேன். 35 சதுர மில்லிமீற்றர் செம்பு, மீற்றருக்கு ஏறத்தாழ 310 கிராம் எடையுள்ளது. ஆகவே இந்தச் சிறு துண்டில் செம்பு மட்டுமே 60 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். தராசு ரப்பர் உறையோடு சேர்த்தே 42 கிராம்தான் காட்டியது. இந்த முலாம் கேபிளின் தடை, அதே பருமனுள்ள செம்பின் தடையைவிடச் சுமார் ஒன்றரை மடங்குக்கு மேல். போதாக்குறைக்கு, நம் வீடு கடலுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால், லக்குக்குள் அலுமினியமும் செம்பும் சந்திக்கும் இடத்தை உப்புக்காற்று வெகுவிரைவில் அரித்துவிடும். விலை குறைந்த பொருளை விலை குறைந்த பொருளென்று சொல்லி விற்பதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. அலுமினியத்தைச் செம்பு என்று சொல்லி விற்பதை என்னால் பொறுக்க முடியாது. கம்பளத்தின் கீழே, பிள்ளைகள் கால் வைக்கும் இடத்தில் ஓடும் கேபிள் இது.

அடுத்த வாரம் பழைய சோனகத் தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு நாநா, நான் கேட்பதற்கு முன்பே கேபிளின் நுனியை வெட்டி, சுரண்டிக் காட்டி, தராசிலும் போட்டுக் காட்டினார். மீற்றர் 2,900 ரூபா, 5 மீற்றருக்கு 14,500 ரூபா. சரியாக இரண்டு மடங்கு கொடுத்தும், திரும்பி வரும் வழியெல்லாம் மகிழ்ச்சியாக இருந்தேன்.

இப்போது நான் மிகவும் விரும்பும் பகுதி: அளந்து பார்ப்பது. எரிபொருள் பீச்சலுக்கான ஈஎஃப்ஐ பியூஸைக் கழற்றிவிட்டால் எஞ்சின் பற்றாமல் ஸ்டார்ட்டர் மட்டும் சுழலும். மல்டிமீற்றரின் ஒரு முனையை டிக்கியிலுள்ள பற்றரியின் நேர்முனையிலும், மற்றதை ஸ்டார்ட்டரின் போல்ட்டிலும் வைக்க வேண்டும். மீற்றரின் வயர் அவ்வளவு தூரம் எட்டாது. பழைய ஸ்பீக்கர் வயரால் நீட்டினேன். மீற்றருக்குள் மின்னோட்டம் ஏறக்குறையப் பாய்வதே இல்லை என்பதால் மெல்லிய வயர் அளவைக் கெடுக்காது. கேபிளைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் நண்பரின் கிளாம்ப் மீற்றர் 140 அம்பியர் காட்டிக்கொண்டிருந்தபோது, முலாம் கேபிளில் 0.62 வோல்ற் வழியிலேயே தொலைந்தது. செம்புக் கேபிளில் 0.36 வோல்ற் மட்டுமே. அந்த எண்ணைத் திரையில் கண்டதும் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன், பிறகு அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன், இப்போது உங்களுக்கும் காட்டுகிறேன்: 0.36.

ஒன்றை விட்டுவிட்டேன், சற்றுப் பின்னால் போகிறேன். முலாம் கேபிளைச் சந்தேகிப்பதற்கு முன் எதிர்முனைப் பக்கத்தையும் அளந்திருந்தேன். அங்கே தனியாக 0.4 வோல்ற் தொலைந்துகொண்டிருந்தது. காரணம் என் கண்ணெதிரேதான் இருந்தது: டிக்கித் தளத்தில், பற்றரியின் எதிர்முனையைக் காரின் உடலோடு இணைக்கும் ஏர்த் போல்ட்டைப் பெயின்ற்றின் மேலேயே இறுக்கியிருந்தேன். பளபளக்கும் இரும்பு தெரியும்வரை உரசி, இறுக்கிய பிறகு மேலே துருத்தடுப்புப் பூச்சும் பூசினேன். முன்னால் எஞ்சினிலிருந்து உடலுக்கு வரும் பழைய ஏர்த் பட்டியையும் மாற்றினேன், ஏனென்றால் பற்றரியைப் பின்னால் கொண்டுபோனதும் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் முழுவதும் அந்தப் பட்டி வழியாகத்தான் உடலுக்குத் திரும்ப வேண்டும். நேர்முனைக் கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு இந்தப் பட்டியை மறப்பவர்கள் பலர். இப்போது எதிர்முனைப் பக்கத்தில் 0.11 வோல்ற்.

அடுத்தது பியூஸ். இதில் நான் யாரோடும் சமரசம் செய்யமாட்டேன். ஸ்டார்ட்டர் கேபிளுக்குத் தொழிற்சாலை பியூஸ் போடவில்லையே, நாம் ஏன் போட வேண்டும் என்று நம் தெமட்டகொடை மெக்கானிக் பாஸ் கேட்டார். பாஸின் கைத்திறனில் எனக்குள்ள மதிப்பு உங்களுக்குத் தெரியும். இந்த விடயத்தில் மட்டும் அவர் சொல்வதை ஏற்கமுடியாது. அந்த முக்கால் மீற்றர் கேபிள் பொனற்றுக்குள்ளேயே முடிந்தது. இது மனிதர்கள் அமரும் இடத்தின் ஊடாக, இரும்பு விளிம்புகளை ஒட்டி, ஏறத்தாழ 5 மீற்றர் ஓடுகிறது. ஒரு மோதலில் கதவுச்சட்டம் நசுங்கி உறை கிழிந்தால், பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியர்களைக் கொட்டும். கேபிள் பழுக்கும், கம்பளம் பற்றும். 250 அம்பியர் மெகா பியூஸை நேர்முனையிலிருந்து 15 சென்றிமீற்றர் தூரத்தில் பொருத்தியிருக்கிறேன். பியூஸுக்கு முன்னாலுள்ள கேபிளுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதால் அந்தத் தூரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

ஸ்டார்லட்டுக்குத் தனி டிக்கி அறை கிடையாது. பின்னால் இருக்கும் காற்றைத்தான் நாமும் சுவாசிக்கிறோம். சார்ஜ் ஏறும்போது பற்றரி ஐதரசன் வாயுவை வெளிவிடலாம். காற்றில் அது 4 சதவீதத்தைத் தொட்டாலே தீப்பற்றும். ஆகவே பக்கவாட்டில் வாயுத்துளை உள்ள ஏஜிஎம் (அமிலம் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருக்கும்) பற்றரியை வாங்கி, அந்தத் துளையிலிருந்து ரப்பர் குழாயைத் தளத்தின் வழியாக வெளியே விட்டிருக்கிறேன். துளையிடுவதற்கு முன் காரை உயர்த்தி, எரிபொருள் தொட்டியும் பெற்றோல் குழாயும் எங்கே போகின்றன என்று பார்த்து, கேபிளை மறுபக்கமாகக் கொண்டு வந்தேன். தளத்தைத் துளைத்து எட்டு மில்லிமீற்றர் போல்ட் நான்கு, கீழே பெரிய இரும்புத் தகடுகள். தகரத் திருகாணிகளை நான் வெறுக்கிறேன்; வேகமான மோதலில் 20 மடங்கு விசை வந்தால் இந்த 13 கிலோ 260 கிலோவாக இழுக்கும்.

பொனற்றுக்குள் ஒரு நேர்முனைக் கம்பத்தையும் விட்டிருக்கிறேன், சிவப்பு மூடியோடு. பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்டனேற்றரின் வயரும் பழைய பியூஸ் பெட்டியும் அதில்தான் சேர்கின்றன. அவசரத்துக்கு ஜம்ப் கொடுப்பதற்கும் அதுவே போதும். இது டொயோட்டா பிரியுஸைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பின்கதவு மின்பூட்டில் மட்டும் திறக்கும் கார் உங்களிடம் இருந்தால் இந்தக் கம்பம் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் பற்றரி இறந்த நாளில் அந்தக் கதவு திறக்காது.

இன்னொன்று, இதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்: வேலையைத் தொடங்குமுன் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள், முடித்த பின் அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். நேர்முனையில் வைத்த ஸ்பேனர் உடலில் உரசினாலும் அப்போது பொறி பறக்காது.

பழைய பற்றரித் தட்டை நேற்றுக் கழற்றிவிட்டேன். இரண்டே கால் அங்குலக் குழாயைப் பிடித்துப் பார்த்தேன். இரு பக்கமும் விரல் நுழையும் அளவுக்கு இடம் இருக்கிறது. வரும் ஞாயிறு குழாயை வளைக்கிறோம். பாஸ் காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.